பழைய காருக்குப் புதுக் கோடு

தாதர் நிலையத்தில் நிற்கிறோம். லோக்கல் ரயில் வருகிறது. கூட்டம் தள்ளுகிறது. முதல் வகுப்புப் பெட்டி எது என்று நின்று படிக்க நேரம் இல்லை. ஆனாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி? அந்தப் பெட்டியின் மேல் சாய்வாகக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். எழுத்துத் தெரியாத காலத்திலும் நாம் அந்தக் கோட்டைப் படித்தோம். தவறான பெட்டியில் ஏறாமல் தப்பித்தோம்.

கோடு அடையாளம் சொல்லும். கோடு அழகும் தரும்.

நாம் இப்போது பார்க்கப் போவது அழகுக் கோடு. பழைய காருக்குப் புது வண்ணம் அடித்த பிறகு போடும் கோடு. பட்டறையில் இதை லைனிங் என்பார்கள். போட ஒரு நாள் போதும். ஆனால் தவறிப் போனால் ஒரு வாரக் கூலி போய்விடும்.

எங்கள் தாராவி வகுப்புக்கு வரும் பெயிண்டர் அண்ணாச்சிக்கு அப்படித்தான் போனது. "என் பேரைப் போட வேண்டாம் டீச்சரம்மா. கதையை எழுதுங்க. நாலு பேருக்கு உதவும்" என்றார். எழுதுகிறேன்.

நம் ஊரில் செய்த கார்

அந்தக் கார் ஒரு பிரீமியர் பத்மினி. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறியும் இருப்பீர்கள். மும்பையில் பலர் அதை இன்றும் ஃபியட் என்றே சொல்கிறார்கள்.

அது நமக்கு அயலூர்க் கார் அல்ல. நமக்குப் பக்கத்தில், குர்லாவில் இருந்த தொழிற்சாலையில்தான் செய்தார்கள். அந்தக் கம்பெனியின் பெயர் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். வால்சந்த் ஹிராசந்த் என்ற தொழிலதிபர் அதை 1944-இல் தொடங்கினார். இத்தாலி நாட்டு ஃபியட் கம்பெனியின் காரை இங்கே செய்தார்கள். 1964-இல் ஃபியட் 1100 டிலைட் வந்தது. 1970-களில் அதே காருக்குப் பிரீமியர் பத்மினி என்று பெயர் வைத்தார்கள். பத்மினி என்பது கதைகளில் வரும் சித்தூர் ராணியின் பெயர். இந்தக் காரின் என்ஜின் 1,089 சி.சி. கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும்.

மும்பை டாக்சி என்றால் பல ஆண்டுகள் இந்தக் கார்தான். கூரை மஞ்சள், உடம்பு கறுப்பு. அதனால் காலி-பீலி என்று பெயர். இந்தியில் காலி என்றால் கறுப்பு. பீலி என்றால் மஞ்சள்.

மும்பையில் ஒரு டாக்சி 20 ஆண்டுகள்தான் ஓடலாம். கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது. 20 ஆண்டு முடிந்தது. 2023 அக்டோபர் 30 முதல் மும்பையில் பத்மினி டாக்சி இல்லை.

ஆனால் சொந்தக் காராக இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம். மாட்டுங்காவில் இருக்கும் ஒரு பெரியவர் அப்படித்தான் தன் பத்மினியைக் காப்பாற்றி வந்தார்.

பெரியவரின் ஆசை

பெரியவர் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரில் துரு ஏறிவிட்டது. அதைச் செம்பூரில் ஒரு பட்டறையில் விட்டார். அண்ணாச்சி அங்கேதான் பெயிண்டர்.

முதலில் டிங்கர் வேலை நடந்தது. துருப்பிடித்த தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்தார்கள். பட்டி போட்டுத் தேய்த்தார்கள். பிரைமர் அடித்தார்கள். வியாழக்கிழமை க்ரீம் வண்ணம் அடித்து முடித்தார்கள். கார் பளபளவென்று நின்றது.

வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் நன்னா இருக்குப்பா. ஒண்ணுதான் குறை. ரெண்டு பக்கமும் மெரூன் கலர்ல ஒரு கோடு இருந்தது. என் வீட்டுக்காரி ஆசைப்பட்டுப் போட்டது. அவ இப்ப இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் கல்யாணம். அந்தக் கோட்டோட கார் வரணும்."

அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. "செஞ்சு தாரேன் ஐயா" என்று சொல்லிவிட்டார்.

அன்று இரவே காரில் மாஸ்கிங் டேப் ஒட்டினார். சனிக்கிழமை காலையில் மெரூன் அடித்தார். டேப்பை இழுத்தார். டேப்போடு க்ரீம் வண்ணமும் உரிந்து வந்தது. கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பிரைமர் தெரிந்தது.

கல்யாணத்துக்கு அந்தக் கார் போகவில்லை. வாடகைக் கார் போனது. பெரியவர் திட்டவில்லை. ஒன்றும் பேசாமல் போய்விட்டார். "அவர் திட்டியிருந்தா பரவாயில்லை டீச்சரம்மா" என்கிறார் அண்ணாச்சி. பட்டறையில் அவருக்கு ஒரு வாரக் கூலியைப் பிடித்துவிட்டார்கள்.

ஏன் உரிந்தது?

காய்ச்சிய பாலைப் பாருங்கள். மேலே ஆடை கட்டியிருக்கும். தொட்டால் கெட்டியாகத் தெரியும். கீழே பால் பாலாகவே இருக்கும். புதுப் பெயிண்டும் அப்படித்தான். மேலே காய்ந்திருக்கும். உள்ளே இன்னும் இளகியிருக்கும். டேப்பின் பசை மேலே பிடித்து இழுத்தால் முழுவதும் கையோடு வரும்.

கார் பெயிண்ட் மூன்று வகை. மூன்றும் மூன்று விதமாகக் காயும்.

என்.சி. பெயிண்ட்: இதில் உள்ள தின்னர் காற்றில் பறந்துபோகும். பெயிண்ட் காயும். சீக்கிரம் காயும்.

எனாமல் பெயிண்ட்: இது காற்றோடு சேர்ந்து மெதுவாக இறுகும். தொட்டால் காய்ந்தது போல் இருக்கும். முழுதாக இறுகப் பல நாள் ஆகும்.

2கே பெயிண்ட்: இதில் பெயிண்ட் ஒரு டப்பா, ஹார்ட்னர் ஒரு டப்பா. இரண்டையும் கலந்தால்தான் இறுகும். கலக்கும் அளவு சரியாக இருக்க வேண்டும். ஹார்ட்னர் குறைந்தால் பெயிண்ட் இளகியே கிடக்கும்.

அண்ணாச்சி அடித்தது 2கே பெயிண்ட். டப்பாவின் மேல் 4:1 என்று அச்சிட்டிருந்தது. நாலு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு ஹார்ட்னர் என்று அதற்குப் பொருள். 800 மில்லி பெயிண்ட் என்றால் 200 மில்லி ஹார்ட்னர். அண்ணாச்சிக்கு அப்போது அதைப் படிக்கத் தெரியாது. இருபது வருடக் கை அனுபவத்தில் கண்ணளவாக ஊற்றினார். அளவு குறைந்துவிட்டது. அதோடு அவசரமும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து வேலையைக் கெடுத்தன.

எல்லா டப்பாவிலும் 4:1 இருக்காது. சிலவற்றில் 2:1 இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒவ்வொரு முறையும் டப்பாவைப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. எனாமல் மேல் என்.சி. பெயிண்ட் அடிக்கக் கூடாது. என்.சி.யில் உள்ள தின்னர் கடுமையானது. கீழே உள்ள எனாமலைக் கிளப்பிச் சுருக்கிவிடும். கீழே என்ன பெயிண்ட் என்று தெரியாவிட்டால், டிக்கியின் உள்பக்கம் போல மறைவான இடத்தில் கொஞ்சம் அடித்துப் பாருங்கள்.

இரண்டாம் முறை

அண்ணாச்சி கதவுகளைத் தேய்த்து மறுபடி வண்ணம் அடித்தார். இந்த முறை குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பெயிண்ட் கடைக்காரரிடம் கேட்டார். அளவுக் கோப்பை வாங்கினார். உதவிப் பையனை டப்பாவைப் படிக்கச் சொன்னார். அளந்து ஊற்றினார். பிறகு கோடு போட்டார். அவர் செய்த முறை இது.

1. காத்திருந்தார். இரண்டு வாரம் காரைத் தொடவில்லை. பிறகு கதவின் உள் ஓரத்தில் சிறிது டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தார். வண்ணம் வரவில்லை.

2. துடைத்தார். காரைக் கழுவிக் காயவிட்டார். மெழுகும் எண்ணெயும் போகத் துடைத்தார். அதன் பிறகு கோடு வரும் இடத்தில் கை வைக்கவில்லை. நம் விரலில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது.

3. அளந்தார். பத்மினியின் நீளம் சுமார் 3.9 மீட்டர். கோடு ஒரு பக்கத்துக்கு 3.5 மீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் அகலம். ஒரு கோட்டுக்கு மேலே ஒரு டேப், கீழே ஒரு டேப் வேண்டும். 3.5 மீட்டரை இரண்டால் பெருக்கினால் 7 மீட்டர். இரண்டு பக்கத்துக்கும் 14 மீட்டர். ஜன்னலின் கீழ் விளிம்பிலிருந்து கோடு வரை உள்ள தூரத்தைப் பல இடங்களில் அளந்து குறித்தார். இடது பக்கத்து அளவையே வலது பக்கத்திலும் வைத்தார்.

4. டேப் ஒட்டினார். சாதாரணக் காகித டேப் மேல்தளத்தில் சுருக்கம் உள்ளது. அதன் அடியில் பெயிண்ட் கசியும். அதனால் மெல்லிய பிளாஸ்டிக் டேப்பை ஓரத்துக்கு ஒட்டினார். அதற்கு வெளியே காகித டேப்பும் தாளும் ஒட்டி மறைத்தார். டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டவில்லை. ஒரே நீளமாக இழுத்து ஒட்டினார். கதவு இடுக்கில் டேப்பை வெட்டி உள்பக்கம் மடித்தார். பத்து அடி தள்ளி நின்று பார்த்தார். கிட்டப் பார்த்தால் நேராகத் தெரியும் கோடு, தள்ளிப் பார்த்தால் வளைந்திருக்கும்.

5. தேய்த்தார். இரண்டு டேப்புக்கும் நடுவில் மட்டும் நைசான வாட்டர் பேப்பரால் மெதுவாகத் தேய்த்தார். பளபளப்பு போய் மங்கினால் போதும். அப்போதுதான் புதுப் பெயிண்ட் கடித்துப் பிடிக்கும்.

6. பூசினார். முதலில் டேப் ஓரத்தில் க்ரீம் வண்ணத்தையே மெல்லியதாக அடித்தார். ஏதாவது இடுக்கு இருந்தால் அது அடைத்துவிடும். பிறகு மெரூன். ஒரே தடவையில் கனமாக அடிக்கவில்லை. மெல்லியதாக மூன்று தடவை அடித்தார். கனமாக அடித்தால் ஓரத்தில் வரப்பு போல் நிற்கும்.

7. டேப்பை உரித்தார். மெரூன் கல்லாக இறுகும் வரை விடவில்லை. விட்டால் ஓரம் பிய்ந்து பல் பல்லாக வரும். ஒழுகாத அளவுக்குக் காய்ந்ததும், டேப்பை அதன் மேலேயே திருப்பி மடித்து, மெதுவாக இழுத்தார்.

8. மேல்பூச்சு அடித்தார். கோடு காய்ந்த பிறகு கிளியர் அடித்தார். கோடு கையில் தட்டுப்படாமல் வழுவழுப்பாக ஆனது.

கையால் இழுக்கும் கோடு

டேப் இல்லாமலும் கோடு போடலாம். நீண்ட முடியுள்ள தூரிகையால் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். இது குதிரை வண்டிக் காலத்துக் கலை. அந்த நாளில் வண்டியின் சக்கரத்திலும் உடம்பிலும் மெல்லிய கோடு இழுப்பார்கள். கார் வந்த பிறகு அந்தக் கோடு காருக்கு வந்தது. விலை உயர்ந்த ரோல்ஸ் ராய்ஸ் கார்களில் பக்கக் கோட்டை இன்றும் கையால் இழுக்கிறார்கள்.

அகலக் கோடு வேறு வழியில் வந்தது. அமெரிக்கப் பந்தயக் கார்கள் சிலவற்றில் வெள்ளை உடம்பில் நீலக் கோடு போட்டார்கள். 1965-இல் வந்த ஷெல்பி ஜி.டி.350 என்ற காரின் நீலக் கோடு பெயர் பெற்றது. அதைப் பார்த்துப் பலர் தங்கள் காரின் பானெட் மேலும் கோடு போட்டார்கள்.

தூரிகை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கீரிப்பிள்ளை முடியில் செய்த தூரிகையை வாங்காதீர்கள். கீரிப்பிள்ளை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர். அந்தத் தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

பெயிண்ட் வேண்டாம் என்றால் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டலாம். வேண்டாதபோது எடுத்துவிடலாம். ஆனால் இதற்கும் காத்திருக்க வேண்டும். புதுப் பெயிண்டிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். மேலே ஸ்டிக்கர் மூடினால் ஆவி போக வழி இல்லை. கொப்புளம் கிளம்பும்.

மழையும் மூச்சும்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. காற்றில் ஈரம் அதிகம். அப்போது என்.சி. பெயிண்ட் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூக்கும். தின்னர் பறக்கும்போது மேல்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிகிறது. அதுதான் காரணம். மழை நாளில் கோடு வேலையைத் தள்ளிப் போடுவது நல்லது.

கார் கெட்டால் மறுபடி அடிக்கலாம். மூச்சு கெட்டால்?

2கே பெயிண்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. ஸ்பிரே அடிக்கும்போது அது மூச்சில் போகும். ஆஸ்துமா வரும். ஒரு தடவை வந்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் இழுக்கும். கைக்குட்டை கட்டினால் அது நிற்காது. துணி மாஸ்க்கும் போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் நல்ல காவல். அது இல்லாத பட்டறையில் 2கே ஸ்பிரே வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பழைய வண்ணத்தைச் சுரண்டும்போதும் எச்சரிக்கை வேண்டும். பழைய பெயிண்டில், முக்கியமாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருக்கலாம். ஈயத் தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016-இல் அரசு விதி செய்தது. ஆனால் பழைய காரின் மேல் இருப்பது பழைய பெயிண்ட் அல்லவா? அதனால் உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டுத் தேய்யுங்கள். வேலைத் துணியோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். தாராவியில் நம்மில் பலருக்கு ஒரே அறைதான் வீடு. பட்டறைத் தூசி அங்கே வந்தால் சோற்றிலும் விழும்.

தின்னர் பக்கத்தில் பீடி கூடாது. ஸ்டவ் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் காரின் வண்ணமும் எழுதியிருக்கும். அதே வண்ணத்தை மறுபடி அடித்தால் சிக்கல் இல்லை. முழு வண்ணத்தையும் மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். அகலமான கோடுகள் போடுவதாக இருந்தாலும் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. ராணுவ வண்டியின் ஆலிவ் பச்சையை நாம் அடிக்கவே கூடாது.

50 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2021-இல் தனி விதி வந்தது. அவற்றுக்கு வி.ஏ. என்ற எழுத்துடன் தனி எண் கிடைக்கும். பழைய வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். எனவே அத்தகைய காரின் வண்ணத்தையும் கோட்டையும் தொடும் முன் பழைய தோற்றத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

ஐந்து தோட்டம்

வேலை முடிந்ததும் பெரியவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பானெட் பக்கம் தொடங்கி டிக்கி வரை கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே நடந்தார். விரல் எங்கேயும் தட்டவில்லை.

"அவ போட்டது இவ்வளவு நேரா இல்லப்பா" என்றார்.

பிறகு அண்ணாச்சியை முன் ஸீட்டில் உட்கார வைத்தார். மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி ஒரு நடை ஓட்டிக் காட்டினார். இருபது வருடமாக எத்தனையோ காருக்கு வண்ணம் அடித்திருக்கிறார் அண்ணாச்சி. தான் வண்ணம் அடித்த காரில் உட்கார்ந்து போனது அன்றுதான்.

அடுத்த மாதம் அவர் எங்கள் வகுப்பில் சேர்ந்தார். முதல் நாள் பையில் ஒரு காலி டப்பா கொண்டு வந்தார். "அ, ஆ அப்புறம் படிக்கேன் டீச்சரம்மா. முதல்ல இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க" என்றார். அன்றைய பாடம் அந்த டப்பாதான்.

நீங்களும் செய்து பாருங்கள்

1. டப்பாவில் 2:1 என்று இருக்கிறது. 600 மில்லி பெயிண்டுக்கு எத்தனை மில்லி ஹார்ட்னர் வேண்டும்?

2. ஒரு பக்கத்துக்கு 3 மீட்டர் நீளக் கோடு. இரண்டு பக்கமும் போட மொத்தம் எத்தனை மீட்டர் டேப் வேண்டும்?

3. உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு டப்பாவை எடுங்கள். அதில் உள்ள எண்களைப் படியுங்கள். அவை என்ன சொல்கின்றன என்று பக்கத்தில் உள்ளவரோடு பேசுங்கள்.